ஐந்து நாளில் கைமாறிய ஆட்சி

2021 மே 2ஆம் தேதி வாக்குகள் எண்ணப்பட்டன. மே 7ஆம் தேதி தி.மு.க. தலைவர் மு.க. ஸ்டாலின் தமிழ்நாட்டு முதலமைச்சராகப் பதவியேற்றார். இடையில் இருந்தவை ஐந்தே நாட்கள். கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. மே 4ஆம் தேதி இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 13 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்றனர் உறவினர்கள், நிர்வாகம் மறுத்தது. பழைய அரசு பதவி விலகிவிட்டது, புதிய அரசு இன்னும் வரவில்லை. தலைமைச் செயலாளர் உள்ளிட்ட அதிகாரிகள் பதவியேற்புக்கு முன்பே ஸ்டாலினைச் சந்தித்து நிலவரத்தை விளக்கினார்கள். அது நல்ல மனத்தோடு நடந்தது. ஆனால் அப்படிச் செய்தாக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

சில நாடுகளில் விதியோ வழக்கமோ உண்டு. அமெரிக்காவில் தேர்தலுக்குப் பின் பத்து வாரத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. அது போதாது என்று, முக்கிய அதிபர் வேட்பாளர்களுக்குத் தேர்தலுக்கு முன்பே அலுவலக இடமும் வசதிகளும் அரசு தர 2010இல் சட்டம் செய்தார்கள். பிரிட்டனில் எதிர்க்கட்சியினர் தேர்தலுக்கு முன் துறைச் செயலர்களோடு பேசும் வழக்கம் 1964 முதல் இருக்கிறது. தலைமைச் செயலகமான கோட்டையில் இதற்கு இணையான ஏற்பாடு இல்லை. ஆகவே இங்கே ஒரு கட்சியின் முன்தயாரிப்பை எடைபோடக் கையில் இருப்பது அதன் வாக்குறுதிகள்தாம். ஒரு வாக்குறுதி பதவியேற்ற மறுநாளே அரசாணையாகும் பக்குவத்தில் இருந்ததா? இந்த அளவுகோலை வைத்தே 2021ஐப் பார்க்கலாம்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் இதில் முழுமையாகத் தேறுகிறது. மே 7 அன்று ஆணை, மறுநாள் நடைமுறை. சோழவந்தானிலிருந்தோ அலங்காநல்லூரிலிருந்தோ மதுரைக்கு வேலைக்கு வரும் பெண், சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஏறினால் போதும். மனு, சான்றிதழ், வருமான வரம்பு எதுவும் கேட்கவில்லை. போக்குவரத்துக் கழகங்களுக்கு ஆண்டுக்கு ரூ.1,200 கோடி ஈடுசெய்வதாகவும் அரசு அறிவித்தது. யாருக்கு, எந்தப் பேருந்தில், எவர் செலவில் என்ற மூன்று கேள்விக்கும் விடை முன்பே தெளிவாக இருந்ததால்தான் ஒரே நாளில் அது முடிந்தது.

மனுக்கள் விஷயத்தில் முக்கால்வாசி வெற்றி. ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ என்று 2021 ஜனவரியில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் பெட்டிகளில் மனு வாங்கி, 100 நாளில் தீர்வு என்றார்கள். பதவியேற்ற அன்றே அதற்கெனத் தனித் துறையும் ஐ.ஏ.எஸ். அதிகாரியும் வந்தாயிற்று. பிரச்சாரத்தை நிர்வாகத்தோடு இணைத்த உண்மையான முன்தயாரிப்பு இது. ஆனால் ஒரு மனு ‘முடிக்கப்பட்டது’ என்றால் பட்டா கிடைத்ததா, நிராகரிப்புக் கடிதம் கிடைத்ததா என்பதை எண்ணிக்கை சொல்லாது. தீர்வு என்பதற்கு முன்கூட்டியே வரையறை வைக்காதது குறையே.

மகளிர் உரிமைத்தொகையில்தான் தோல்வி தெரிகிறது. 2021 மார்ச்சில் திருச்சியில் அறிவித்த மாதம் ரூ.1,000, 2023 செப்டம்பர் 15 அன்றுதான் தொடங்கியது. அதுவும் வருமான வரம்பு முதலிய நிபந்தனைகளோடு, சுமார் 1.06 கோடிப் பெண்களுக்கு. மாநிலத்தில் இரண்டு கோடிக் குடும்பங்களுக்கு மேல் உண்டு. எல்லாருக்கும் கொடுப்பதானால் ஆண்டுக்கு ரூ.24,000 கோடிக்கு மேல் வேண்டும். தகுதி யாருக்கு என்ற முடிவைத் தேர்தலுக்குப் பின் தள்ளிவைத்ததன் விலை இரண்டரை ஆண்டு.

நிதி நிலை இவ்வளவு மோசம் என்று முன்பு தெரியாதே என்ற வாதம் இங்கே எழும். மதுரை மத்தியத் தொகுதியிலிருந்து வென்று நிதியமைச்சரான பழனிவேல் தியாகராஜன், 2021 ஆகஸ்ட் 9 அன்று வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் மீது ரூ.2,63,976 கடன் என்ற கணக்கு வீடுதோறும் பேசப்பட்டது. பொதுநிதியை மக்கள் மொழியில் எடுத்துவைத்த அரிய ஆவணம் அது, பாராட்டத் தயக்கமில்லை. மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்கள் போன்ற நிறுவனங்களின் சுமை வெளியாருக்கு முழுதும் தெரியாது என்பதும் நியாயமே. ஆனால் மொத்தக் கடன் ரூ.5.70 லட்சம் கோடியைத் தொடும் என்பதை அப்போதைய நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பிப்ரவரி 23 அன்றே இடைக்கால நிதிநிலை அறிக்கையில் சொல்லிவிட்டார். தி.மு.க.வின் தேர்தல் அறிக்கை வந்தது மார்ச் 13இல். பெரிய தொகை கண்முன் இருக்கும்போதே பெரிய வாக்குறுதிகள் எழுதப்பட்டன. ஆகவே தெரியாது என்ற வாதம் பாதிதான் நிற்கிறது.

கட்சியை மட்டும் குறைசொல்வதும் சரியாகாது. இலவசத் தொலைக்காட்சி வாக்குறுதி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்த பின், வாக்குறுதிக்கான நிதி வழியைத் தேர்தல் அறிக்கையில் சுட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுத்தது. அதை மீறினால் சட்டப்படி தண்டனை இல்லாததால் கட்சிகள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை.

2021இன் கைமாற்றம் தனிப்பட்ட திறமையாலும் அதிகாரிகளின் நல்லெண்ணத்தாலும் கரை சேர்ந்தது, முறையால் அல்ல. எளிய திட்டங்களில் தி.மு.க. தயாராக இருந்தது, செலவுமிக்க திட்டத்தில் இல்லை என்பதே என் தீர்ப்பு. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே அங்கீகரிக்கப்பட்ட எல்லாக் கட்சிகளுக்கும் நிதித் துறை கணக்கை விளக்க வேண்டும். தகுதி, செலவு, தொடங்கும் மாதம் மூன்றையும் ஒவ்வொரு வாக்குறுதியோடும் கட்சிகள் எழுத வேண்டும். இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரு சட்டமன்றத் தீர்மானம்; அதைக் கொண்டுவர ஆளுங்கட்சி முன்வராவிட்டால், நாளை எதிர்க்கட்சியாகும்போது அதே இருட்டில் அதுவும் நிற்கும்.