சிஷோமின் சின்னக் கோவில்

பெங்களூரில் பழைய ஆங்கிலேயர் தேவாலயம் என்றாலே நம்மவர்கள் விரல் நீட்டுவது எம்.ஜி. ரோட்டின் கப்பன் பார்க் முனையிலுள்ள செயின்ட் மார்க்ஸைத்தான். 1812-ல் கட்டி முடித்து, 1923 தீ விபத்துக்குப் பின் புதுப்பித்த கோவில். லண்டன் செயின்ட் பால்ஸை முன்மாதிரியாகக் கொண்டது. கும்மட்டம் உண்டு, கம்பீரம் உண்டு. ஆனால் வெளித்தோற்றத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், என் ஓட்டு ரிச்மண்ட் டவுன் ஓசூர் ரோட்டில் மரங்களுக்குள் பதுங்கியிருக்கும் ஆல் செயின்ட்ஸுக்கே.

1869-ல் அடிக்கல், 1870-ல் பிரதிஷ்டை. வரைந்தவர் ராபர்ட் சிஷோம். சென்னைக்காரர்களுக்கு அறிமுகம் வேண்டாம். பின்னாளில் சேப்பாக்கம் செனட் ஹவுஸை, நாலு மூலையிலும் கும்மட்டக் கோபுரம் வைத்து எழுப்பியவர். அதே கை இங்கே இவ்வளவு அடக்கி வாசித்திருக்கிறதே என்பதுதான் என் ஆச்சரியம்.

வானை முட்டும் கோபுரம் கிடையாது. சரிந்திறங்கும் ஓட்டுக் கூரைதான் முதலில் கண்ணில் படுகிறது. கூர்வளைவு ஜன்னல்களும் சுவரும் அதற்கு அடங்கியே நிற்கின்றன. "இங்கிலாந்து கிராமத்துச் சர்ச்சை அப்படியே நகல் எடுத்திருக்கான் சார்" என்று நண்பர் ஒருவர் ஒதுக்கினார். பாதி நியாயம். கூர்வளைவு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே கிராமத்துச் சர்ச்சுகள் பலவற்றின் கோபுரம் தூரத்திலிருந்தே ஊரைக் காட்டிக்கொடுக்கும். இங்கே தேடிப் போனால்தான் தெரியும்.

நம்ம கோவில்ல ராஜகோபுரம் தாண்டி, பிரகாரம் சுற்றி, மெல்லத்தான் சன்னிதிக்குப் போவோம். இங்கே அந்தப் பிரகார வேலையை மரங்கள் செய்கின்றன. ரோட்டுச் சத்தத்திலிருந்து வாசல்வரை நடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தில் வெளிச்சம் தணிகிறது; கூரை துண்டு துண்டாகத் தெரிந்து, பிறகுதான் முழுசாக வருகிறது. மரங்களை எடுத்துவிட்டால் இதே கட்டடம் ரோட்டோரம் குட்டையாக, வெறிச்சென்று நிற்கும்.

2019-ல் மெட்ரோ நிலையத்துக்காக வளாக நிலம் கேட்கப்பட்டு, சபை மக்கள் மரங்களுக்காகப் போராடினார்கள். "கட்டடத்தைத் தொடலையே, மரம்தானே!" என்றவர்கள் நம் தமிழர்களிலும் உண்டு. ஸ்தல விருட்சத்தை வெட்டினால் மட்டும் நாம் சும்மா இருப்போமாக்கும்!

ஜான்சன் மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் ஒரு சாயங்காலம் எட்டிப் பாருங்கள். ஓட்டின் மேல் இலை நிழல் அசையும்.