செம்மண் தேரியில் சைக்கிள்: கோபுரங்களை எப்படி ரசிப்பது?

மெஞ்ஞானபுரம் தூய பவுலின் ஆலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் காரில் வந்து வாசலில் இறங்குகிறார்கள். கழுத்தை வலிக்க வலிக்க நிமிர்த்தி, 192 அடிக் கோபுரத்தை ஒரு செல்போன் படத்துக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். அடங்காது. அந்தக் கோபுரத்தைப் பார்க்க வேண்டிய இடம் வாசலுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. பனைகளுக்கு மேலே முதலில் ஒரு முனை தெரியும். சாலை வளையும்போது மறையும். அடுத்த பனைவிளை தாண்டியதும் இன்னும் கொஞ்சம் உயர்ந்து, சற்று இடம் மாறி நிற்கும். இந்தக் கண்ணாமூச்சியை முழுதாக அனுபவிக்க நடை மெதுவானது, கார் வேகமானது. சைக்கிள்தான் சரியான வண்டி.

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியும் அதை ஒட்டிய நெல்லைக் கரையும் சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம். பெரிய ஏற்றம் கிடையாது. நாலு மிதி மிதித்தால் அடுத்த ஊர். பல ஊர்களில் ஒரு கோயில், ஒரு மணி, ஒரு பள்ளிக்கூடம். இவற்றைப் பார்த்து ரசிக்கக் கட்டடக் கலைச் சொற்கள் எதுவும் தெரிய வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொண்டால் போதும்: இந்தக் கோயிலை யார், எங்கிருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக் கட்டினார்கள்? ஒவ்வொரு ஊரிலும் இதற்கு வேறு வேறு பதில் கிடைக்கும்.

முதலில் காலம். மாசி, பங்குனியில் போங்கள். வெயில் உச்சத்துக்கு ஏறியிருக்காது, பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும். காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் நிழல் தேடிக்கொள்ள வேண்டும். பனை நிழலை நம்ப முடியாது, அது ஓரிடத்தில் நிற்பதில்லை. மூன்றரை மணிக்கு மேல் மறுபடி மிதிக்கலாம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று கிழக்கு நோக்கிப் பாயும். அப்போதுதான் போக முடியும் என்றால் நான் சொல்லப்போகும் வழியைத் தலைகீழாக்கி, வடக்கன்குளத்தில் தொடங்கி நாசரேத்தில் முடியுங்கள். காற்றே தள்ளிக்கொண்டு வரும். வண்டியைப் பொறுத்தவரை கியர் அவசியமில்லை, சற்று அகலமான டயர் அவசியம். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் டியூபை விடாது. உதிரி டியூப் ஒன்று, ஒட்டுச் சாமான், கைப்பம்பு மூன்றும் இல்லாமல் ஊரைத் தாண்டாதீர்கள். பஞ்சர் கடைக்காரர் எழுந்து கடை திறப்பதற்குள் நீங்கள் மூன்று ஊர் தாண்டியிருப்பீர்கள்.

திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதையில் இருக்கிறது நாசரேத். அங்கே தொடங்கலாம். 1876 முதல் 1908 வரை இங்கே பணியாற்றிய கேனன் மர்காஷிஸ், அந்தக் காலப் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் தொழிற்பள்ளியும் அமைத்தவர். இந்த ஊரில் கோயிலை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்ப்பது பிழை. கோயில், பள்ளி, மருத்துவமனை, தொழிற்பள்ளி எல்லாம் சேர்ந்ததுதான் நாசரேத். வளாகத்தைச் சைக்கிளில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தெற்கே திரும்புங்கள்.

சாத்தான்குளம் வழியாகச் சுற்றிப் போக மனமிருந்தால் முதலூரைப் பார்க்கலாம். பார்க்கத்தான் வேண்டும் என்பேன். கிறிஸ்தவர்களான குடும்பங்கள் சொந்த ஊர்களில் துன்புறுத்தப்பட்டபோது, 1799-ல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் இங்கே நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார். இந்த வட்டாரத்தில் இப்படி உருவான கிறிஸ்தவ ஊர்களில் இதுதான் மூத்தது. இன்று நாம் பார்க்கும் உயர்ந்த கோபுரம் பின்னால் வந்தது. அடைக்கலம் தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஒளிய வேண்டிய தேவை தீர்ந்த பிறகு எழுப்பிய கோபுரங்கள் இப்படித்தான் உயரமாக இருக்கும். என் கேள்விக்கு முதலூர் தரும் பதில் அதுதான்: பக்கத்து ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் மஸ்கோத் அல்வா வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலில் கிண்டியது, சைக்கிள்காரர் வயிற்றுக்கு மதியம் வரை தாங்கும்.

மெஞ்ஞானபுரத்துக்கு வருவோம். இங்கே பணியாற்றிய மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் வேல்ஸ் நாட்டுக்காரர். மண்ணை மணல் மூடிக்கொண்டிருந்த இந்த இடத்தில் கிணறு வெட்டி, மரம் வைத்து, ஊரமைத்து, கூரிய வளைவுகளும் உயர்ந்த கோபுரமும் கொண்ட கோதிக் ஆலயத்தைக் கட்டினார். ஆலயம் 1847-ல் அர்ப்பணிக்கப்பட்டது. கோபுரம் முடிய 1868 ஆயிற்று. அவருடைய சபையில் பெரும்பகுதியினர் பனையேறும் குடும்பத்தினர். அந்த நாளில் ஒரு பனையேறி ஒரே நாளில் பல மரங்கள் ஏறி இறங்குவார். பாளை சீவுவதற்காக உச்சியில் அமர்ந்திருக்கும் மனிதருக்குத் தரையில் நிற்பவர் பார்க்காத ஒரு காட்சி உண்டு: ஓலைக் கடலுக்கு மேலே, தன் கண்மட்டத்துக்கு நேராக நிற்கும் கோபுரம். அந்தக் கோபுரத்தின் முதல் பார்வையாளர் அவர்தான் என்று நான் நம்புகிறேன். ஆகவே பார்ப்பதற்கு நல்ல இடம் ஊருக்கு வெளியே, விளைகளுக்கு நடுவே செல்லும் சாலை. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். முடிந்தால் பதநீர் இறக்குகிற நேரத்தில் நில்லுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால் புளிக்காமல் இனிக்கும் அந்தப் பதநீரை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்துக்கொண்டே கோபுரத்தைப் பாருங்கள். சற்றுத் தள்ளி அதே பதநீர் கருப்பட்டிக்காகக் காய்ந்துகொண்டிருக்கும். அதன் புகையும் மணமும் சேர்ந்ததுதான் இந்தக் கோயிலின் சூழல். ஆலயச் செலவில் ஒரு பங்கு இந்தப் பனையிலிருந்து வந்ததுதான்.

பிறகு உள்ளே போங்கள். செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். கிராமத்துக் கோயில்கள் வார நாட்களில் பூட்டியிருக்கலாம். ஆலயத்தைக் கவனிக்கும் கோயில் பிள்ளையைக் கேட்டால் சாவி வரும், பல சமயம் சாவியோடு கதையும் வரும். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவசரப்படாமல் ஒரு மூலையில் உட்காருங்கள். தூண்களின் வரிசையும் கூரையின் உயரமும் ஒவ்வொன்றாகத் துலங்கும். சுவரில் பதித்திருக்கும் நினைவுக் கற்களைப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் முதல் மணி, இரண்டாம் மணி என்று அழைப்பு வரும். ஆராதனையில் கலந்துகொள்வதாக இருந்தால் முழுதாக இருங்கள், நடுவில் படம் பிடிக்காதீர்கள்.

பக்கத்திலேயே குதிரைமொழித் தேரி. காற்று கொண்டுவந்து குவித்த மணல், ஒவ்வொரு பருக்கையின் மேலும் இரும்புத் துரு படிந்ததால் ரத்தச் சிவப்பு. அங்கே சைக்கிளை ஓட்ட முடியாது, தள்ளத்தான் வேண்டும். கொஞ்ச தூரமாவது தள்ளுங்கள். சக்கரம் புதையும்போதுதான் இந்த மண்ணில் கல் கொண்டுவந்து கோயில் கட்டியவர்களின் பாடு காலுக்குத் தெரியும். தேரியின் ஓரத்தில், தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் இருக்கிறார். அவரையும் பார்த்துவிட்டுப் போங்கள். கோபுரங்கள் வருவதற்கு முன்னிருந்தே இந்த மணலுக்குக் காவல் இருப்பவர் அவர்.

உடன்குடி தாண்டிக் கடற்கரைக்கு இறங்கினால் எல்லாம் மாறிவிடும். பனைக்காட்டுக் கோயில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்த சபைகளின் கோயில்கள். கடற்கரைக் கோயில்களோ பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கம் தழுவிய பரதவர்களுடையவை. இங்கே பார்வையாளர் கடலில் இருக்கிறார். மணப்பாட்டில் கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் மேல் நிற்கிறது திருச்சிலுவைக் கோயில். 1581-ல் எழுந்தது. ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரம் புயலில் ஒடிந்ததாகவும், கரை சேர்ந்த தலைவன் அந்த மரத்திலேயே சிலுவை செய்து குன்றில் நட்டதாகவும் ஊரார் வழிவழியாகச் சொல்கிறார்கள். 1542-ல் வந்த சவேரியார் தங்கிய குகையும் அதனுள் நல்ல தண்ணீர்க் கிணறும் குன்றின் கடல் பக்கத்தில் இருக்கின்றன.

மணப்பாட்டை எப்படிப் பார்ப்பது? குன்றேறியதும் கோயிலுக்கு முதுகு காட்டிக் கடலைப் பாருங்கள். மீன் பிடித்துத் திரும்பும் படகுக்கு இந்தக் குன்றும் கோயிலும்தான் கரை அடையாளம். தாழ்ந்து, தடித்து, காற்றுக்கு அசையாமல் நிற்கும் கட்டடத்துக்கு வானளாவிய கோபுரம் ஏன் தேவைப்படவில்லை என்பது அப்போது விளங்கும். உயரத்தைக் குன்றே கொடுத்துவிட்டது. பிறகு கீழே இறங்கித் தெருக்களில் மெல்ல மிதியுங்கள். கொழும்போடு வணிகம் செய்த குடும்பங்களின் பெரிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்தப் பயணத்தில் ஓர் இரவு தங்குவதற்கு ஓர் ஊரைச் சொல் என்றால் தயங்காமல் மணப்பாடு என்பேன். மாலை வெயில் கருமேனி ஆற்றுக் கழிமுகத்தின் மேல் விழுவதையும், காலையில் கடல் வெளுப்பதையும் ஒரே குன்றிலிருந்து பார்க்கலாம். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிக் கூட்டம் நெரியும், அப்போது சைக்கிள் வேண்டாம்.

மணப்பாட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பெரியதாழை வழியாக உவரிக்குப் போகிறது. நேர்ச் சாலை, உப்புக்காற்று, வேகமாகக் கடந்துவிடலாம். உவரியில் கப்பல் வடிவிலேயே ஒரு மாதா கோயில், அந்தோணியார் கோயில், அலை தொடும் தூரத்தில் சுயம்புலிங்க சுவாமி கோயில். கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து கொட்டும் நேர்த்திக்கடனைச் சுயம்புலிங்க சுவாமி கோயிலில் காணலாம்.

அங்கிருந்து உள்நாட்டுக்குத் திரும்பினால் இடையன்குடி. மெதுவாகப் பயணம் செய்கிறவர்களுக்கு இந்த ஊர் மூத்த உறவு. மிஷனரியும் மொழியறிஞருமான கால்டுவெல் 1841-ல் சென்னையிலிருந்து பெரும்பகுதி வழியைக் கால்நடையாகவே கடந்து இங்கே வந்து சேர்ந்தார். மக்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டே நடந்தவர் 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். ஊரின் தெருக்களை நேர்கோடாக அவர்தான் வகுத்தார். சைக்கிளில் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள், திட்டம் புரியும். தூய திரித்துவ ஆலயத்துக்கு 1847-ல் அடிக்கல் இட்டு 1880-ல்தான் முடித்தார். முப்பத்து மூன்று ஆண்டு. அவர் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1891-ல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லின் உடல் இந்த ஆலயத்துக்குள்தான் இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடு அரசு நினைவில்லம். இரண்டையும் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள்.

கடைசியாக மேற்கே, காற்றாலைகள் சுழலும் வெளியில், வடக்கன்குளம். 1745-ல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர். 2022-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆனால் நீங்கள் கவனித்துப் பார்க்க வேண்டியது திருக்குடும்பக் கோயிலின் அமைப்பு. 1872-ல் கட்டிய அந்தக் கோயிலில் பீடம் ஒன்று, அதை நோக்கிச் சாய்வாக வரும் மண்டபங்கள் இரண்டு. ஒன்றில் ஒரு சாதியார், மற்றதில் வேறு சாதியார். இரு சாராரும் குருவைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. யார் எங்கிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்த நமக்கு, யார் யாரைப் பார்க்கக் கூடாது என்று கட்டிய கோயில் இது. நடுவிலிருந்த தடுப்பை 1910-ல் இடித்தார்கள். எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். கோயிலுக்குள் சாதிப் பிரிவினை கேட்க உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பீடத்துக்கு அருகே போய் இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். இந்தப் பயணத்தில் மிக அழகான கோயில் மெஞ்ஞானபுரம், மிக முக்கியமான கோயில் இதுதான்.

திரும்புவதற்கு வள்ளியூரில் ரயில் உண்டு. கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால் எல்லாவற்றையும் தொட ஆசைப்படாதீர்கள். விடியலில் மெஞ்ஞானபுரம், மாலையில் மணப்பாடு, இடையில் பதநீர். மற்ற ஊர்களை அடுத்த மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.