பூட்டு நம்மூர்... சாவி அமெரிக்கா!

திண்டுக்கல் என்றதும் இன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணிதான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு முன்பே அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பூட்டு. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால், ஊர்ப் பெண்களுக்குச் சோறு போடுவது இப்போது பூட்டுப் பட்டறை அல்ல, பஞ்சும் நூலும் துணியும்தான். வேடசந்தூர் பக்கம் போய்ப் பாருங்கள். கிராமம் கிராமமாகப் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மில் வேன்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த வேனில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையா? ஏகத்துக்கும் இருக்கிறது. 1948-ல் தொழிற்சாலைகள் சட்டம். 1976-ல் சம ஊதியச் சட்டம். இந்த இரண்டும் உள்பட 29 சட்டங்களைச் சுருக்கி, நான்கு தொகுப்புகளாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது மத்திய அரசு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு என்று 2013-ல் தனிச் சட்டமே வந்தது. பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் புகார் கமிட்டி இருந்தே ஆகவேண்டும்.

அப்புறம் என்ன குறை?

2021 ஜனவரியில், திண்டுக்கல் அருகே உள்ள நாச்சி அப்பேரல்ஸ் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கைதானவர், அதே தொழிற்சாலையின் சூப்பர்வைசர். அந்தப் பெண்ணுக்குப் பல மாதங்களாகவே தொல்லை இருந்தது என்று குடும்பத்தாரும் கூட வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். அத்தனை சட்டமும் அப்போது இருந்தன. புத்தகத்தில்!

நான் படித்தது பி.காம். அதனால் எதையும் வரவு - செலவாகப் பார்க்கிற புத்தி போகவில்லை. 2013 சட்டப்படி கமிட்டியே அமைக்காத முதலாளிக்கு முதல் தடவை அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 50,000 ரூபாய். ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இது ‘இதர செலவுகள்’ என்ற வரியில் காணாமல் போய்விடும். மீறினால் வரும் நஷ்டம், மதித்தால் ஆகும் செலவைவிடக் குறைவு என்றால், அந்தச் சட்டத்தை யார் மதிப்பார்கள்?

பெண்களே நடத்தும் ‘தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன்’ இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டது. நாச்சியின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடு 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் போட்டது. பெயரே ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’! ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகள் துணைக்கு நின்றன. துணி வாங்கும் ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச் ஆகிய பெரிய கம்பெனிகளும் அதே வருடம் கையெழுத்துப் போட்டன. 25 தொழிலாளிக்கு ஒரு பெண் கண்காணிப்பாளர். புகாரை விசாரிக்க வெளியாட்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. சாதி பார்க்கக் கூடாது. ஒப்பந்தத்தை மீறினால், ஆர்டருக்கே வேட்டு! முதல் வருடத்தில் வந்த 185 புகார்களில் மிகப் பெரும்பாலானவை தீர்ந்தன. வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று பயந்துகிடந்த இடத்தில் 185 பேச்சு... அதுதான் பெரிய விஷயம்.

இங்கேதான் அமெரிக்கா வருகிறது.

அந்த நாட்டில் 1930-ம் வருடத்துச் சுங்கவரிச் சட்டம் ஒன்று இருக்கிறது. கட்டாய உழைப்பில் செய்த பொருளை உள்ளே விடக் கூடாது என்கிறது அதன் 307-வது பிரிவு. கேட்க நன்றாக இருக்கிறதா? கூடவே ஒரு ஓட்டையும் வைத்திருந்தார்கள். ‘எங்கள் நாட்டில் போதுமான அளவு உற்பத்தியாகாத சரக்கு என்றால் பரவாயில்லை’. இந்த ஓட்டையை அடைத்த சட்டத்தில் ஒபாமா கையெழுத்துப் போட்டது 2016-ல். 86 வருடம்! மனிதாபிமானம்கூட ஸ்டாக் நிலவரம் பார்த்துத்தான் வந்திருக்கிறது.

அந்த 307-வது பிரிவு, 2022 ஜூலை கடைசியில் நாச்சி மீது பாய்ந்தது. இறக்குமதிக்குத் தடை! வேடிக்கை என்னவென்றால், அப்போது ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதம் தாண்டியிருந்தது. குறைகள் சரிசெய்யப்பட்டுவிட்டன என்று சொல்லி, செப்டம்பரில் தடையை நீக்கினார்கள். நீடித்திருந்தால்? முதலாளி வேறு மில்லில் நூல் ஓட்டிக்கொள்வார். வேலை போவது யாருக்கு? யாரைக் காப்பாற்றுவதாகச் சொல்லித் தடை போட்டார்களோ, அந்தப் பெண்ணுக்கு!

‘அமெரிக்காக்காரன் சட்டம்னா சட்டம்தான்யா’ என்று டீக்கடையில் புல்லரிக்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். 1911-ல் நியூயார்க் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை நேரில் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் பிறகு அந்த நாட்டின் முதல் பெண் கேபினட் அமைச்சர் ஆனார். அவர் முயற்சியில் 1938-ல் வந்தது, குறைந்தபட்சக் கூலியையும் வேலை நேரத்தையும் வரையறுத்த சட்டம். மகத்தான சட்டம்தான். ஆனால், விவசாயக் கூலிகளை 1966 வரையும் வீட்டுவேலை செய்பவர்களை 1974 வரையும் வெளியிலேயே நிறுத்தி வைத்தது. தெற்கு மாநிலங்களில் அந்த இரண்டு வேலையையும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

நம்மூரிலும் அதே வித்தைதான். ‘தொழிலாளி’ என்றால்தானே சட்டம்? ‘அப்ரன்டிஸ்’ என்று எழுதிக்கொள். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார், கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று ‘சுமங்கலித் திட்டம்’ நடத்தவில்லையா? 1961-லேயே வரதட்சணையைத் தடைசெய்த நாட்டில், வரதட்சணைக்குச் சேமிப்புத் திட்டம்!

ஆக, சட்டம் எங்கே எழுதப்பட்டது என்பது முக்கியம் இல்லை. அதில் யாருக்கு இடம் இல்லை, மீறினால் யாருக்கு நஷ்டம், தொழிற்சாலைக்கு உள்ளே அதை நிறைவேற்றுவது யார்... இந்த மூன்றுதான் கேள்வி. திண்டுக்கல் ஒப்பந்தம் மூன்றுக்கும் பதில் சொல்லப் பார்த்தது. ஆனால், அது கையெழுத்தானது ஒரு முதலாளியின் ஆலைகளுக்கு மட்டும்தான். உள்ளூர்ச் சந்தைக்கு நூல் விற்கிற மற்ற மில்களுக்குப் பின்னால் பயப்பட எந்த வெளிநாட்டு பிராண்டும் இல்லை.

அங்கே பிராண்டின் இடத்தில் அரசாங்கம்தான் நிற்க வேண்டும். தொகுப்பு நான்கோ நாற்பதோ, 25 பேருக்கு ஒரு கண்காணிப்பாளர் என்ற ஒற்றை வரியைச் சட்டமாக்கினாலே பாதி வேலை முடிந்தது. அபராதத்தையும் ‘இதர செலவுகளி’லிருந்து தூக்கி, லாப நஷ்டக் கணக்கின் முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும்.

பூட்டுக்குப் பேர்போன ஊருக்கு, அமெரிக்காவிலிருந்தா சாவி வரவேண்டும்?