கடையைப் பாடிய தமிழ்

கடைக்குப் பாட்டுக் கட்டுவது வானொலி வந்தபின் ஒட்டிக்கொண்ட பழக்கம், கவிஞனுக்கு அது இழுக்கு என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். இலங்கை மலையகத்துப் பாட்டென்றால் கண்ணீர்தான் என்று சொல்கிறவர்களும் பெரும்பாலும் அவர்களேதான். இரண்டும் ஒரே சோம்பலின் பிள்ளைகள்.

பழையதை வேகமாகத் தாண்டுவோம். புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு, அப்பம், உப்பு விற்கிறவர்கள் வரை ஒருவரையும் விடாமல் சிலப்பதிகாரத்தில் வரிசையில் நிறுத்தியவர் இளங்கோ. கீழக்கரை வணிகர் சீதக்காதியைப் படிக்காசுப் புலவர் பாடினார். அந்த வள்ளல் பேரில் நொண்டி நாடகமே இருக்கிறது. ஆனால் சீதக்காதி மேல் வந்தவை வாங்கிய கை பாடிய பாட்டுகள். கொடை தெரிகிறது, கடை தெரியவில்லை.

என் பட்சம் சிந்துதான். அந்தக் காலத்தில் ரயில் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் கொலை விழுந்தாலும் அது சிந்தாகி, மலிவு விலைப் புத்தகமாகச் சந்தைக்கு வந்துவிடும். விற்கிறவரே பாடிக் காட்டுவார். பாட்டும் சரக்கு, பாடகரும் சிறு வியாபாரி. இந்த வழக்கத்தை மலையகத் தோட்டங்களுக்குள் கொண்டுபோனவர்கள் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரும் அவருடைய மனைவி மீனாட்சியம்மாளும். அம்மையாரின் பாட்டுப் புத்தகம் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' 1940இல் வந்தது. அதைத் தொழிற்சங்க வரலாற்றுக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். ஜனங்களுக்குப் பழகிய மெட்டில் ஊர்ச் சேதியை ஏற்றுகிற அந்தக் கைத்திறனைப் பார்க்க நம் ஆய்வாளர்களுக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

1950இல் இலங்கை வானொலி வர்த்தக சேவை தொடங்கியது. கோபால் பற்பொடி விளம்பரம் தமிழ்நாட்டுக் காதுகளிலும் ஒட்டிக்கொண்டது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. நாடுகளை அடுக்கிய அந்த விளம்பரத்தில் ஒரு தெரு கிடையாது. அதைவிட ஈழத்துப் பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' எனக்கு நெருக்கமானது. போகாதே என்று கெஞ்சினாலும் அதில் ஒரு கடை நிற்கிறது!

கடைக்குப் பாடுவதில் அமெரிக்காவின் புளூகிராஸ் இசைக்காரர்களுக்கு இந்தக் கூச்சமே இல்லை. பில் மன்றோவின் குழுவிலிருந்து பிரிந்த லெஸ்டர் பிளாட்டும் ஏர்ல் ஸ்கிரக்ஸும் 1953 முதல் நாஷ்வில் நகரத்து மார்த்தா வைட் மாவுக் கம்பெனியின் ஆதரவில் பாடினார்கள். 1962இல் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் சபையோர் கேட்டு வாங்கியது அந்தக் கம்பெனியின் மாவு விளம்பரப் பாட்டை. அந்த மாவில் சேரும் 'ஹாட் ரைஸ்' என்ற பொருளின் பெயரையே 1978இல் ஒரு குழு தனக்குச் சூட்டிக்கொண்டது. காரணம் எளிது: மாவுக்குத்தானே என்று ஸ்கிரக்ஸ் பாஞ்ஜோவில் கைச்சுருக்கம் காட்டவில்லை.

இனி நம் ஊர்க் கடைக்கு, இலங்கையின் கரவனெல்லைக்கு வருவோம். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிற வீதியில் கேகாலை வீதி வந்து சேருகிற இடம். ஆஸ்பத்திரி, சுற்றிலும் றப்பர்த் தோட்டங்கள். இந்தப் பக்கத்து வியாபாரத்துக்கு இன்று இருக்கிற ஒரே இசை பாண் விற்கும் ஓட்டோவில் வருகிறது. அதுவும் 1810இல் பேத்தோவன் எலீசுக்கு எழுதிய மெட்டு. வியன்னாவிலிருந்து மெட்டு வரலாம், நம் சிந்து வரக்கூடாதாம்.

இங்கே ஒரு பலசரக்குக் கடைக்குப் பாட்டு எழுதுகிறவர் பாஞ்ஜோவைத் தேடி அலைய வேண்டாம், தப்புப் பறை போதும். பால் வெட்டிவிட்டு வந்து சம்பளம் வரும்வரை கடனுக்கு அரிசி வாங்கியவரின் வாயால் பாட வேண்டும், முதலாளியின் வாயால் அல்ல. கிளினிக்குக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவருக்கு வாங்கு போட்டது வரட்டும். மழைக்காலத்தில் வெட்டு நின்றபோது கடன் நீண்டது வரட்டும். கடன் கொப்பியில் கூட்டல் பிசகியதும், எப்போதும் ஒரே பக்கமாகவே பிசகியதும் கட்டாயம் வர வேண்டும். அதைக் கேட்டு முதலாளி சிரித்தால் இரண்டாம் சரணத்தையும் எழுதலாம்.