ஆறு கயிறும் கொஞ்சம் மிச்சமும்

பை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் புத்தகத்தைத் தேடுவதில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவேன். சேந்தமங்கலத்தில், கொல்லிமலை எதிரே நிற்க, அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் நிலம் ஒன்று போதும்.

நடுவில் ஒரு முளைக்குச்சி அடியுங்கள். ஐந்து மீட்டர் கயிற்றின் ஒரு முனையை அதில் முடிந்து, மறுமுனையில் கூரான குச்சியைக் கட்டி, கயிறு தொய்யாமல் சுற்றி வாருங்கள். மண்ணில் அச்சு அசலாக ஒரு வட்டம் விழும். அந்தக் கயிறுதான் ஆரம். வட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது!

இனி அதே கயிற்றை அவிழ்த்து, கோட்டின் மேல் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு விறைப்பாக இழுத்துப் பிடித்து அடையாளம் வைத்துக்கொண்டே போங்கள். ஆறாவது இழுப்பில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். பார்த்துப் பழகிய எனக்கே இன்னும் சிலிர்க்கிறது. அடுத்ததாக, கயிற்றை நேராக இழுக்காமல் வளைவின் மேலேயே படிய வைத்து அளந்து பாருங்கள். இந்தத் தடவை ஆறு கயிறு போட்டும் வட்டம் மூடாது, ஏறத்தாழ 1.42 மீட்டர் மிஞ்சும், அதாவது கயிற்றில் கால் பங்குக்குச் சற்று அதிகம். நேராகப் போகாமல் வளைந்து போனதற்கான கூடுதல் தூரம் அது. ஆறே கால் சொச்சம், 6.283 என்று நீளும் எண். அதில் பாதிதான் பை. சின்ன வட்டமோ பெரிய வட்டமோ, இந்தக் கணக்கு மாறவே மாறாது.

வட்டக் கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருக்கிறீர்கள். அதை எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் தள்ளிப் போட வேண்டுமென்றால் 6.28 மீட்டர் கம்பி கூடுதலாக வேண்டும். சரி, பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி 40,000 கிலோமீட்டருக்கு ஒரு கம்பி கட்டி, அதை முழுக்க ஒரு மீட்டர் உயர்த்தினால்? அதற்கும் அதே 6.28 மீட்டர்தான்! முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆரம் ஒரு மீட்டர் கூடினால் சுற்றளவு எவ்வளவு கூடும் என்பது மட்டும்தான் கேள்வி. வட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கு அங்கே வேலையே இல்லை.

பரப்புக்கு ஆடு போதும். முளையில் கட்டிய ஆடு கயிறு எட்டும் மட்டும் மேய்ந்து, பசும்புல்லில் வட்டமாக ஒரு மொட்டைத் திட்டை விட்டுவைக்கும். கயிற்றை இரு மடங்காக்கினால் மேய்ச்சல் நான்கு மடங்கு. காரி நாயனாரின் பழைய கணக்கு நூலான கணக்கதிகாரம் இதற்குச் சொல்லும் வழி எவ்வளவு அழகு: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு. ஐந்து மீட்டர் கயிற்றுக்கு 15.7-ஐ 5-ஆல் பெருக்கினால் 78.5 சதுர மீட்டர், முடிந்தது கணக்கு. பை என்ற பெயரே சொல்லாமல் பையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்!

இந்த எண்ணின் பெரும் பித்தர் இராமானுஜன் பிறந்தது ஈரோட்டில். அவர் குடும்பம் வழிபட்ட நாமகிரித் தாயார் இருப்பது பக்கத்து நாமக்கல்லில். எங்கள் பக்கத்து மனுஷர் என்று நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். 1913-இல் அவர் அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து, வட்டத்துக்குப் பரப்பில் ஏறக்குறையச் சமமான சதுரம் வரையும் முறை ஒன்றை வெளியிட்டார். வட்டம் 1,40,000 சதுர மைல் இருந்தாலும் சதுரத்தின் பக்கம் ஓர் அங்குலம் அளவுக்குத்தான் பிசகும். தமிழ்நாட்டைப் போல இரண்டே முக்கால் மடங்கு நிலத்தில் ஓர் அங்குலம்!

மறு வருஷம், 1914-இல், பையைக் கணக்கிடும் தொடர்களை வெளியிட்டார். அவற்றில் ஒன்றைக் கொண்டு 1985-இல் பில் காஸ்பர் என்ற கணிதவியலாளர் கணினியில் ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் இலக்கங்களுக்கு மேல் கண்டார். அந்தத் தொடரின் ஒவ்வொரு உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கத்தைச் சரியாகக் கூட்டித் தரும். முதல் உறுப்பை மட்டும் உங்கள் கைபேசியிலேயே போட்டுப் பாருங்கள். 2-இன் வர்க்கமூலத்தை 9801-ஆல் பெருக்கி 4412-ஆல் வகுத்தால் 3.14159273 வரும். பையின் மதிப்பு 3.14159265. ஒரே ஒரு உறுப்பிலேயே 22/7-ஐ எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டார் மனுஷர்!