முதல் வளைவில் அழுத சிறுவன்

2017 மே 14. பார்சிலோனாவில் ஃபார்முலா 1 கார் பந்தயம், ஸ்பெயின் கிராண்ட் பிரி. மொத்தம் 66 சுற்று. முதல் வளைவிலேயே ஃபெராரி ஓட்டுநர் கிமி ரைக்கோனனின் பந்தயம் முடிந்துபோனது. உள்பக்கம் வால்டேரி போட்டாஸ், வெளிப்பக்கம் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். மூன்று கார்கள் அருகருகே வளைவுக்குள் பாயும்போது நடுவில் இருப்பவருக்கு ஒதுங்க இடம் ஏது? போட்டாஸின் கார் ரைக்கோனனின் பின்சக்கரத்தில் உரசியது. ரைக்கோனனின் கார் துள்ளிப்போய் வெர்ஸ்டாப்பன் மீது மோதியது. இருவரும் வெளியே. சற்று நேரத்தில் கேமரா பார்வையாளர்கள் பக்கம் திரும்பியபோது, ஃபெராரி தொப்பி அணிந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான்.

அவனைத் தேடிக் கண்டுபிடித்து, பெற்றோரோடு ஃபெராரி அணியின் இடத்துக்கு அழைத்து வந்தார்கள். அதிகம் பேசாத, 'ஐஸ்மேன்' என்று பெயர் வாங்கிய ரைக்கோனன் அவனுக்குத் தன் தொப்பியைக் கொடுத்து, சேர்ந்து படமும் எடுத்துக்கொண்டார். அழுத முகம் பூரித்துப்போனது.

இது சாதாரண விஷயமில்லை. ஃபார்முலா 1-ஐப் பல பத்தாண்டுகள் ஆட்டிவைத்த பெர்னி எக்லெஸ்டோன், இளம் ரசிகர்களைப் பிடிப்பதில் தனக்கு அக்கறை இல்லை, கையில் பணம் புரளும் எழுபது வயதுக்காரரே போதும் என்ற தொனியில் 2014-ல் பேட்டி கொடுத்தவர். 2017 ஜனவரியில் நிர்வாகம் லிபர்ட்டி மீடியாவின் கைக்கு மாறியது. நான்கே மாதத்தில், அழும் சிறுவனை ஒரு பந்தயத்தின் முகமாக உலகம் பார்த்தது. அந்தச் சில நிமிடங்கள் எந்த விளம்பரத்தாலும் சாதிக்க முடியாததைச் சாதித்தன என்றே நம்புகிறேன்.

குழந்தைக்குக் கார் பந்தயத்தைப் பழக்க விரும்பும் பெற்றோர் பலர் எஞ்சினில் தொடங்குகிறார்கள், குதிரைத்திறனைச் சொல்கிறார்கள். குழந்தை ஆளைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு ஹெல்மெட், ஒரு நிறம், ஒரு பெயர், அவ்வளவுதான். அதில்தான் வலியும் இருக்கிறது. கிரிக்கெட்டில் பிடித்த பேட்ஸ்மேன் டக் அவுட் ஆனாலும் ஃபீல்டிங்கில் பார்க்கலாம். இங்கே கார் நின்றால் அன்றைய கணக்கு தீர்ந்தது. ரைக்கோனனின் ரசிகர்கள் அதை நன்றாகவே அறிவார்கள்: 2013 மார்ச்சில் மெல்பர்னில் வென்றவர், அடுத்த வெற்றியைத் தொட்டது 2018 அக்டோபரில், ஆஸ்டினில். அழாதே என்று அடக்காமல், அழட்டும் என்று விடுவதே சரி.

ஆனால் டிவியை அணைத்துவிடக் கூடாது. பார்சிலோனாவில் அன்று மீதிப் பந்தயம் ஒரு குழந்தைக்குப் பாடம் எடுக்க அமைந்ததுபோல் இருந்தது. முதலிடத்திலிருந்து புறப்பட்ட லூயிஸ் ஹாமில்டனை செபாஸ்டியன் வெட்டல் தொடக்கத்திலேயே முந்திவிட்டார். உலர்ந்த தளத்தில் ஓடும்போது இரண்டு வகை டயரையாவது பயன்படுத்தியாக வேண்டும் என்பது விதி. அன்று மஞ்சள் பட்டை போட்ட மென்டயர் வேகமானது, சீக்கிரம் தேய்ந்தது. வெள்ளைப் பட்டை போட்டது மெதுவானது, அதிகம் தாங்கியது. வெட்டல் முதல் இரண்டு பகுதிகளை மஞ்சளில் ஓட்டிவிட்டு, வெள்ளையைக் கடைசிக்கு வைத்தார். ஹாமில்டன் வெள்ளையை நடுவிலேயே முடித்துக்கொண்டார்.

விபத்து ஒன்றுக்காக எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்து ஓட வேண்டிய நேரம் முடியும் தறுவாயில், 36-ஆவது சுற்றில் ஹாமில்டனின் அணியான மெர்சிடிஸ் அவரை உள்ளே அழைத்து மஞ்சளை மாட்டியது. என் கணிப்பில் பந்தயத்தைத் தீர்மானித்த முடிவு அதுதான். அடுத்த சுற்றில் வெட்டலும் டயர் மாற்றி வெளியே வரும்போது ஹாமில்டன் தோளோடு தோளாக வந்துவிட்டார். முதல் வளைவில் சக்கரங்கள் உரசின. வெட்டல் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் 44-ஆவது சுற்றில், நேர்பாதையில் வேகம் கூட்டப் பின்னிறக்கை திறக்க, மஞ்சள் வெள்ளையைக் கடந்தது. ஆறு வயதுக் கண்ணுக்கும் இது புரியும். குதிரைத்திறன் வேண்டாம், நிறம் போதும். மூன்றாவதாக வந்த டேனியல் ரிக்கியார்டோ ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். ஆக, கண் வைக்க வேண்டியது இரண்டே கார்கள்.

வீட்டில் குழந்தையோடு ஒரு பழைய பந்தயம் பார்க்க நினைப்பவர்கள் இதை எடுங்கள். டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்தி, இப்போது உள்ளே கூப்பிடலாமா, எந்த நிறம் போடலாம் என்று கேளுங்கள். பதிலைத் திருத்தாமல் ஓடவிடுங்கள். 36-ஆவது சுற்றுக்குப் பிறகு 30 சுற்று மிச்சமிருக்கும்; மஞ்சள் அதுவரை தாங்குமா என்பதை அவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.