கருவியும் கண்ணும்: ரொபோல் அறிக்கை பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய இராச்சியத்தின் தேசிய சுகாதார சேவையிற் பணிபுரிவோரைக் கணனி யுகத்துக்கு ஆயத்தஞ் செய்வது எவ்வாறு என்பதை ஆராய்ந்து, அமெரிக்க இருதய நோய் நிபுணர் எரிக் ரொபோல் தலைமையிலான குழு 2019 பெப்ரவரியில் ஓர் அறிக்கையை வெளியிட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அச்சேவையின் தொழில்களில் 90 சதவீதமானவை ஏதோ ஒரு வகையிற் கணனித் திறனை வேண்டிநிற்கும் என்பது அதன் கணிப்பு. செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு நேரத்தைக் கொடையாக அளிக்கும். அந்நேரம் நோயாளிக்குப் பயன்படும் என்பது அதன் நம்பிக்கை. மருத்துவக் கல்விச் சிந்தனைக்கு இவ்வறிக்கை ஆற்றிய பணி மறுக்கற்பாலதன்று. எனினும், அது வேண்டும் திறன் எத்தகையதாதல் வேண்டும் என்பது மேலும் ஆராயத்தக்கது.

கருவியை இயக்கும் திறன் வேறு. கருவியின் கூற்றை ஐயுற்று ஆராயும் திறன் வேறு. ரிச் கருவானா முதலியோர் 2015இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இவ்வேறுபாட்டை உணர்த்துகின்றது. நியுமோனியா நோயாளரின் மரண அபாயத்தைக் கணிக்கப் பயிற்றப்பட்ட கணனி மாதிரி, ஆஸ்துமாவும் உடையோருக்கு அபாயம் குறைவு எனக் கற்றுக்கொண்டது. உண்மையில், அத்தகையோர் உடனடியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்பட்டமையாலேயே மரணம் குறைந்திருந்தது. தரவிற் பிழையில்லை, அது எச்சூழலிற் பிறந்தது என்பதையே இயந்திரம் அறியவில்லை. இடமும் காலமும் நோக்காது செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் உரைகாரரின் தவறும் இத்தகையதே. அதனைக் கண்டுகொள்ள வல்லது, நோயாளியின் படுக்கையருகிற் பெற்ற அறிவேயாகும்.

அவ்வறிவும் பயிலாதவிடத்து மங்கக்கூடும். போலந்தின் நான்கு நிலையங்களை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வொன்று ஈண்டு நோக்கத்தக்கது. பெருங்குடலை அகநோக்கியாற் பரிசோதிப்பதில் தேர்ந்த மருத்துவர்கள் செயற்கை நுண்ணறிவின் துணைக்குப் பழகிய பின்னர், அத்துணையின்றி நடைபெற்ற பரிசோதனைகளில், புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகள் கண்டறியப்பட்ட வீதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. இதற்குப் பிற காரணங்களும் இருத்தல் கூடும். ஆயினும், தேர்ந்தவரின் கண்ணே மழுங்கக்கூடுமாயின், பயிற்சி முற்றாத மாணவரின் நிலை யாது?

எனவே, பாடத்திட்டத்தில் எதனைச் சேர்ப்பது என்பதோடு, எதனை முதலிற் கற்பிப்பது என்பதும் வினாவாகின்றது. மாணவர் முதலில் தாமே நோக்கித் தம் முடிவை எழுதுதல் வேண்டும்; அதன் பின்னரே இயந்திரத்தின் முடிவு அவர் முன் வைக்கப்படல் வேண்டும். இரண்டும் முரணுமிடத்து, காரணங்களை ஆராய ஆசிரியர் உடனிருத்தல் அவசியமாகும். இம்முறை மிகுந்த நேரத்தை வேண்டுவது. அறிக்கை கூறும் நேரக் கொடையில் ஒரு பங்கு இதற்கே ஒதுக்கப்படல் வேண்டும். அன்றேல், மீதமாகும் நேரத்தில் நோயாளிக்கு எடுத்துரைக்கத் தம் சொந்த அறிவு எதுவும் வருங்கால மருத்துவரிடம் இராது.